வீட்டு ஸ்டுடியோ கம்ப்யூட்டருக்கு எந்த எஸ்எஸ்டி?

என் ரெக்கார்டிங் கம்ப்யூட்டரில் இதுவரை இரண்டு டிரைவ்கள் இருந்தன. விண்டோஸுக்கும் மென்பொருளுக்கும் சாட்டா என்ற பழைய இணைப்பு வகையில் 250 ஜிபி எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பில் தரவை வைக்கும் டிரைவ்) ஒன்று. சாம்பிள் லைப்ரரி (இசைக்கருவிகளின் ஒலியை ஸ்வரம் ஸ்வரமாகப் பதிந்த கோப்புகளின் தொகுப்பு), நடந்துகொண்டிருக்கும் புராஜெக்ட், பழைய மிக்ஸ் எல்லாம் ஒன்றாகக் கிடந்த 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று. அந்த ஹார்ட் டிஸ்க்கை வெளியே எடுத்துவிட்டு முழுக்க எஸ்எஸ்டிக்கு மாறியதன் பதிவு இது.

மாறியதற்கு முதல் காரணம் சத்தம். 7200 ஆர்பிஎம் டிஸ்க் என்றால் அதன் தட்டு விநாடிக்கு 120 முறை சுற்றுகிறது. அந்த அதிர்வு கேபினட்டில் ஏறி, மேசையில் இறங்கி, மைக் ஸ்டாண்ட் வழியாக 120 ஹெர்ட்ஸில் ஒரு முனகலாகப் பதிவாகும். ஆண்குரலின் அடிப்படைச் சுருதி நடமாடுகிற இடமும் அதுவே. ஈக்யூவில் (அலைவரிசை வாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவியில்) அந்த இடத்தை வெட்டினால் முனகலோடு குரலின் கனமும் போய்விடும். மெல்லப் பாடுகிறவரைக் கண்டென்சர் மைக்கில் பதிந்து, கம்ப்ரெஸர் போட்டு, கெய்னை ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை தெரியும். எஸ்எஸ்டியில் சுற்றுகிற பாகம் எதுவும் இல்லை. ரெக்கார்டிங் செய்கிறவருக்கு எஸ்எஸ்டி தரும் பெரிய நன்மை இதுதான் என்பது என் கருத்து. வேகம் அதற்குப் பிறகுதான்.

வேகத்தைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஒரு கணக்குப் போட்டேன். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் ஒரு மோனோ டிராக் என்றால் விநாடிக்கு 48,000 சாம்பிள் (இங்கே ஒலியலையின் ஓர் அளவீடு என்ற பொருளில்), ஒவ்வொன்றும் 3 பைட். ஆக விநாடிக்கு 144 கேபி. 16 மைக்கை ஒரே நேரத்தில் திறந்து ஒரு குழுவையே பதிந்தாலும் 2.3 எம்பிதான் ஆகிறது. 96 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் 4.6 எம்பி. பழைய ஹார்ட் டிஸ்க்கே தொடர்ச்சியாக எழுதும்போது விநாடிக்கு 100 எம்பிக்கு மேல் தாங்கும். அதாவது வெறுமனே பதிவு செய்வதற்கு எஸ்எஸ்டியின் வேகம் தேவையே இல்லை.

ஹார்ட் டிஸ்க் திணறுவது வேறு இடத்தில். டஜன்கணக்கான டிராக், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு டேக் (ஒரே பகுதியை மறுபடி மறுபடி பாடிய பதிவு), வெட்டி ஒட்டிய துண்டுகள் என்று புராஜெக்ட் வளர்ந்தபின் ப்ளே அழுத்தினால், அதன் ஊசிமுனை ஒவ்வொரு கோப்புக்கும் தனித்தனியாக ஓடவேண்டும். 7200 ஆர்பிஎம்மில் தட்டு திரும்பி வரக் காத்திருக்கும் சராசரி நேரமே 4.17 மில்லிவிநாடி. ஊசிமுனை இடம் மாறுவதற்கு இன்னொரு எட்டு, ஒன்பது. ஆக விநாடிக்கு ஏறத்தாழ எண்பது முறைதான் இடம் மாறிப் படிக்க முடியும். எஸ்எஸ்டிக்கு அதே வேலை மில்லிவிநாடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். சாம்பிள் இசைக்கருவிகளில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். பெடலை அழுத்தியபடி பியானோ வாசித்தால் முந்தைய ஸ்வரங்கள் அடங்குவதற்குள் புதியவை வந்து சேரும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஸ்டீரியோ வாய்ஸ் (ஒரே நேரத்தில் ஒலிப்பவற்றில் ஒரு சாம்பிள்) ஒன்றுக்கு விநாடிக்கு 265 கேபி. ஆர்கெஸ்ட்ரா டெம்ப்ளேட்டில் (கருவிகளை முன்பே ஏற்றி வைத்த புராஜெக்டில்) 300 வாய்ஸ் ஒலித்தால் 79 எம்பி. தொகையாகப் பார்த்தால் பெரிதில்லை. ஆனால் அது நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து துண்டு துண்டாக, காலம் தவறாமல் வரவேண்டும்.

டப்பாவின் மேல் கொட்டை எழுத்தில் இருக்கும் எண் இந்த வேலையை அளந்து சொல்வதில்லை. சாட்டா டிரைவில் 550 எம்பி, பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற வேகமான இணைப்பில் ஓடும் என்விஎம்ஈ வகையின் மூன்றாம் தலைமுறை டிரைவில் 3500, நான்காம் தலைமுறையில் 7000 என்று போட்டிருப்பது, பெரிய கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் படிக்கும் வேகம். 4 கேபி அளவுத் துண்டுகளைத் தாறுமாறான இடங்களிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னால் நல்ல சாட்டா டிரைவ் 30, 40 எம்பி தரும். நல்ல என்விஎம்ஈ டிரைவ் 60, 80 எம்பி தரும். டப்பாவில் பன்னிரண்டு மடங்காகத் தெரிவது இங்கே ஏறத்தாழ இரண்டு மடங்காகச் சுருங்கிவிடுகிறது. கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற வேகச் சோதனை மென்பொருளை ஓட்டினால் கடைசி வரிசையில் வருவது இந்த எண்தான். விமர்சனங்களைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவதும் அதைத்தான்.

இப்படிப் பார்த்தபின் ஐந்தாம் தலைமுறை டிரைவ்களை யோசிக்கவே இல்லை. அவை சூடாகும், சிலவற்றுக்குச் சின்ன விசிறி வைத்த கூலரே கூட வருகிறது. ஹார்ட் டிஸ்க்கின் முனகலை ஒழிக்கக் கிளம்பி, அதைவிட உச்சத்தில் கீச்சிடும் விசிறியை ஒலிப்பதிவு அறைக்குள் கொண்டுவருவதில் அர்த்தம் இல்லை. வீடியோ எடிட் செய்கிறவர்களுக்கு அந்த வேகம் உதவலாம். நமக்கு வேண்டாம்.

அடுத்தது உள்ளே இருக்கும் நினைவகத்தின் வகை. டிஎல்சி என்றால் ஒரு செல்லில் 3 பிட், கியூஎல்சி என்றால் 4 பிட். பிட் கூடக் கூட எழுதுவது மெதுவாகும், ஆயுளும் குறையும். அந்த மெதுவை மறைக்கத்தான் இத்தகைய டிரைவ்கள் பெரும்பாலானவற்றில் எஸ்எல்சி கேஷ் என்று ஒரு பகுதி உண்டு. வண்டியில் வந்த மூட்டைகளைத் திண்ணையில் மளமளவென்று இறக்கிவிட்டு, ஓய்ந்த நேரத்தில் உள்ளே அடுக்குவதைப் போன்ற ஏற்பாடு. திண்ணை நிரம்பினால் வண்டி வாசலிலேயே நிற்கவேண்டியதுதான். சாம்சங் 870 கியூவிஓ 1 டிபி டிரைவில் கேஷ் தீர்ந்தபின் எழுதும் வேகம் 80 எம்பி என்று அந்த நிறுவனமே தன் விவரத்தாளில் சொல்கிறது. ஹார்ட் டிஸ்க்கைவிடக் குறைவு.

ஆனால் நம் கணக்கை மறக்கக்கூடாது. 16 டிராக்குக்குத் தேவை 2.3 எம்பி, அந்த 80 எம்பியே முப்பது மடங்குக்கு மேல். ஆகவே கியூஎல்சியில் பதிவே செய்யக்கூடாது என்று சொல்வதை நான் ஏற்கவில்லை. அதில் வலிப்பது நூற்றுக்கணக்கான ஜிபி லைப்ரரியை ஒரே மூச்சில் காப்பி செய்யும்போதுதான், அதுவும் ஒருமுறை. எழுதியபின் வருஷக்கணக்கில் படிப்பது மட்டுமே நடக்கும் சாம்பிள் டிரைவுக்குக் கியூஎல்சி தாராளமாகப் போதும். பதிவு டிரைவுக்கு மட்டும் டிஎல்சி என்று முடிவெடுத்தேன். அங்கே டேக் எழுதுவதும் அழிப்பதும் பவுன்ஸ் செய்வதும் (டிராக்குகளை ஒரே கோப்பாக எழுதுவதும்) நாள் முழுக்க நடக்கும். டிரைவ் நிரம்பிய நிலையில் உள்ளுக்குள் இடம் ஒழுங்குபடுத்தும் வேலை வேறு சேர்ந்துகொள்ளும். எந்த நேரத்திலும் ஒரே சீராக நடந்துகொள்ளும் டிரைவ்தான் அங்கே வேண்டும்.

டி-ரேம் கேஷ் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் வேகமான தற்காலிக நினைவகம்) இருக்கிறதா இல்லையா என்பதும் விவரத்தாளில் பார்க்கவேண்டியது. எந்தத் தரவு எந்தச் செல்லில் என்ற வரைபடத்தை டிரைவ் தன் சொந்த டி-ரேமில் வைத்திருக்கும். 1 டிபிக்கு ஏறத்தாழ 1 ஜிபி. அது இல்லாத என்விஎம்ஈ டிரைவ்கள் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து கொஞ்சம் இரவல் வாங்கிச் சமாளிக்கும். சாட்டா டிரைவுக்கு அந்த இரவல் வசதி இல்லை. அதனால் சாட்டா என்றால் டி-ரேம் கட்டாயம், என்விஎம்ஈ என்றால் இருந்தால் நல்லது என்று வைத்துக்கொண்டேன். சில டிரைவ்களின் பெயர் மாறாமலே உள்ளிருக்கும் சிப்பும் கண்ட்ரோலரும் மாறிவிடுவது உண்டு என்பதால் பழைய விமர்சனத்தை மட்டும் நம்பி வாங்குவது சரிவராது.

ஆயுளைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். தினமும் நாலு மணி நேரம், 16 டிராக், வருஷத்தின் 365 நாளும் பதிந்தால் நாளுக்கு 33 ஜிபி, வருஷத்துக்கு 12 டிபி. சாம்சங் 870 ஈவிஓ 1 டிபி டிரைவுக்கு உத்தரவாதம் 600 டிபி எழுதும்வரை. கியூவிஓவுக்கு 360. முன்னது ஐம்பது வருஷக் கணக்கு, பின்னது முப்பது. பவுன்ஸ், தற்காலிகக் கோப்பு எல்லாம் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் டிரைவ் தேய்வதற்கு முன் கம்ப்யூட்டரே மாறியிருக்கும். ஸ்டுடியோ டிரைவ் வாங்கும்போது இந்த எண்ணுக்காகக் கூடுதல் பணம் தரத் தேவையில்லை.

கடைசியில் நான் வகுத்த ஏற்பாடு: சிஸ்டத்துக்கும் ப்ளக்இன்களுக்கும் (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் ஓடும் துணை மென்பொருள்கள்) 1 டிபி என்விஎம்ஈ, டிஎல்சி, டி-ரேமோடு. சாம்பிளுக்கு 2 டிபி என்விஎம்ஈ, டி-ரேம் இல்லாதது. பதிவுக்கு 1 டிபி சாட்டா, டிஎல்சி, டி-ரேமோடு. மூன்று தனி டிரைவ் இருந்தால்தான் வேகம் என்பது ஹார்ட் டிஸ்க் காலத்துக் கட்டாயம். எஸ்எஸ்டியில் ஒரே பெரிய டிரைவிலும் வேலை நடக்கும். பிரித்ததற்கு என் காரணம் பராமரிப்பு. விண்டோஸ் கெட்டால் சிஸ்டம் டிரைவை மட்டும் துடைத்துவிடலாம், பாட்டும் சாம்பிளும் தொடப்படாமல் இருக்கும். தினமும் பேக்கப் எடுக்கவேண்டியது பதிவு டிரைவ் ஒன்றுதான் என்பதும் தெளிவாகிவிடுகிறது.

மதர்போர்டு கையேட்டைப் படித்தபிறகே ஆர்டர் போட்டேன். எம்.2 ஸ்லாட் (மதர்போர்டில் எஸ்எஸ்டியை நேராகச் செருகும் இடம்) என்பது வடிவம் மட்டுமே. அதே 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளத்தில் சாட்டா டிரைவும் வரும், என்விஎம்ஈயும் வரும். எந்த ஸ்லாட் எதை ஏற்கும் என்பது போர்டைப் பொறுத்தது. என் போர்டில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் டிரைவ் போட்டால் 5, 6 எண் சாட்டா போர்ட்டுகள் அணைந்துவிடும் என்று கையேட்டின் ஒரு மூலையில் அடிக்குறிப்பாகப் போட்டிருந்தது. சாட்டா கேபிளை 1-ஆம் போர்ட்டில் செருகிக்கொண்டால் தீர்ந்தது. இது தெரியாதவர்கள் புது டிரைவே பழுது என்று திருப்பி அனுப்புவார்கள். போர்டு மூன்றாம் தலைமுறை என்பதால் நான்காம் தலைமுறை டிரைவைப் போட்டாலும் 3500 எம்பி அளவில்தான் ஓடும். மேலே சொன்ன காரணங்களால் அதில் எனக்கு இழப்பு எதுவும் இல்லை.

பொருத்துவது எளிது, ஆனால் பொறுமை வேண்டும். பவர் கேபிளைப் பிடுங்கிவிட்டு, மிச்ச மின்சாரம் இறங்க பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்தேன். கேபினட்டின் இரும்பைத் தொட்டு உடம்பின் நிலைமின்னேற்றத்தை இறக்கினேன். டிரைவை ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் ஸ்லாட்டுக்குள் நுழைக்கவேண்டும். பொன்னிறப் பற்கள் வெளியே கிட்டத்தட்டத் தெரியாமல் உள்ளே போனால் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று பொருள். கையை எடுத்தால் மறுமுனை தானாக மேலே எழும்பி நிற்கும். அதை விரலால் மெல்ல அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகாணியைப் போடவேண்டும். அது அரிசிமணி அளவுதான் இருக்கும், கீழே விழுந்தால் தேடவேண்டிவரும். காந்த முனையுள்ள ஸ்க்ரூடிரைவர் இருந்தால் நிம்மதி.

ஹீட்சிங்க்கின் அடியில் ஒட்டியிருக்கும் தெர்மல் பேடின் மேல் கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் அதன் ஓரம் மின்னுவது தெரியும். நகத்தால் மூலையைக் கிளப்பி உரிக்கவேண்டும். உரிக்காமல் மாட்டினால் சூடு கடத்தப்படாமல் தங்கிவிடும். டிரைவின் மேலுள்ள ஸ்டிக்கரை மட்டும் உரிக்கக்கூடாது. வாரண்டி அதில்தான் இருக்கிறது. சில டிரைவ்களில் அதன் அடியிலுள்ள செம்புப் படலம் சூட்டைப் பரப்பவும் செய்கிறது.

சிஸ்டத்தைப் புதிதாக நிறுவுவதா, குளோன் செய்வதா (பழைய டிரைவை அப்படியே பிரதியெடுப்பதா) என்பதில் குளோனையே தேர்ந்தெடுத்தேன். ப்ளக்இன்கள் அத்தனையையும் மறுபடி நிறுவி, லைசன்ஸ் போட்டு, ப்ரீசெட்டுகளைத் தேடிச் சேர்ப்பது பெரிய வேலை. ஆனால் குளோனுக்கு முன் ஒன்றைச் செய்தே ஆகவேண்டும். கம்ப்யூட்டரோடு கட்டப்பட்ட லைசன்ஸ்களைப் பழைய டிரைவிலேயே டீஆக்டிவேட் செய்துவிடவேண்டும். சில ப்ளக்இன்கள் டிரைவின் அடையாளத்தை வைத்தே கம்ப்யூட்டரை அறிகின்றன. டிரைவ் மாறினால் இது வேறு கம்ப்யூட்டர் என்று நின்றுவிடும். ஐலாக் என்ற, லைசன்ஸைத் தாங்கும் யுஎஸ்பி சாவியில் இருப்பவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. குளோனெசில்லா என்ற குளோன் மென்பொருளில் காப்பி முடிந்ததும், பழைய டிரைவின் கேபிளைக் கழற்றிவிட்டே முதல்முறை பூட் செய்தேன். இரண்டும் ஒரே அடையாளத்தோடு இருந்தால் விண்டோஸ் எதிலிருந்து எழுவது என்று குழம்பும்.

சாம்பிள்களை நகர்த்துவதில் சின்ன உபாயம் ஒன்று உண்டு. பழைய ஹார்ட் டிஸ்க்கின் டிரைவ் எழுத்து எதுவோ அதையே புது டிரைவுக்கும் டிஸ்க் மேனேஜ்மெண்டில் கொடுத்துவிடவேண்டும். கோப்புறை அமைப்பும் அப்படியே இருந்தால், பழைய புராஜெக்டைத் திறக்கும்போது 'சாம்பிள் காணவில்லை' என்ற பட்டியல் வராது. காப்பிக்கு டெராகாப்பி என்ற மென்பொருளைப் பயன்படுத்தி, முடிந்தபின் சரிபார்க்கும் வசதியையும் போட்டுவிட்டேன். அது நேரம் எடுத்தது. ஆனாலும் ஒரு வயலின் சாம்பிளில் ஒரு பைட் கெட்டிருப்பதை ஆறு மாதம் கழித்து மிக்ஸில் கண்டுபிடிப்பதைவிட அந்த நேரம் மேல். காப்பியின்போது டிரைவின் சூடு 70 டிகிரியைத் தொட்டது. சாதாரணமாக வாசிக்கும்போது 45-ஐ ஒட்டியே இருக்கிறது.

கான்டாக்ட் என்ற சாம்பிள் வாசிப்பு மென்பொருளில் செய்த மாற்றம்தான் எனக்கு அதிகம் பயன்பட்டது. ஒவ்வொரு சாம்பிளின் தொடக்கத்தையும் அது ரேமில் முன்கூட்டியே ஏற்றி வைக்கும். சாவியை அழுத்தியதும் ரேமில் இருப்பது ஒலிக்கத் தொடங்க, மீதி டிரைவிலிருந்து வந்து சேர்ந்துகொள்ளும். அப்படி முன்கூட்டி ஏற்றும் இயல்பான அளவு 60 கேபி. 20,000 சாம்பிள் கொண்ட கருவிக்கு அது 1.2 ஜிபி. எஸ்எஸ்டி உடனுக்குடன் தருவதால் அந்த அளவை 12 கேபியாக இறக்கினேன். அதே கருவி 240 எம்பியில் நிற்கிறது. முன்பு ரேம் நிறைந்து மூச்சுமுட்டிய டெம்ப்ளேட் இப்போது பாதிக்கும் குறைவான ரேமில் திறக்கிறது. மெதுவாக இறக்கிக்கொண்டே அடர்த்தியான ஒரு பகுதியை வாசித்துப் பார்த்து, ஸ்வரம் எங்கே உதிரத் தொடங்குகிறதோ அதற்கு ஒரு படி மேலே நிறுத்திக்கொள்ளவேண்டும். லைப்ரரிகளை ஒருமுறை பேட்ச் ரீசேவ் (கோப்பு இருக்கும் இடங்களைப் புதுப்பித்து மொத்தமாகச் சேமிப்பது) செய்தால் அவை திறக்கும் நேரமும் குறைகிறது.

முன்பு டெம்ப்ளேட் திறப்பதற்குள் எழுந்துபோய் வரலாம். இப்போது ஹெட்ஃபோனை மாட்டுவதற்குள் தயாராகிவிடுகிறது. ஒப்பிட்டுப் பார்க்க, அதே லைப்ரரியைச் சாட்டா எஸ்எஸ்டியில் வைத்தும் திறந்தேன். என்விஎம்ஈக்கும் அதற்கும் சில விநாடிதான் வித்தியாசம். கான்டாக்ட் சாம்பிள்கள் பெரும்பாலும் சுருக்கப்பட்ட வடிவில் இருப்பதால் அவற்றை விரிக்கும் வேலை பிராசஸருடையது. ஒரு கட்டத்துக்குமேல் டிரைவ்தான் காத்திருக்கிறது. எம்.2 ஸ்லாட் இல்லாத பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் மனம் தளரத் தேவையே இல்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து நல்ல சாட்டா எஸ்எஸ்டிக்குப் போனாலே கிடைக்கவேண்டியதில் பெரும்பங்கு கிடைத்துவிடும்.

எஸ்எஸ்டி தீர்க்காத ஒன்றும் இருந்தது. பஃபரை (ஒலி வெளியே போகும் முன் சேர்ந்து நிற்கும் தற்காலிக இடத்தை) 64 சாம்பிளுக்கு இறக்கினால், அதாவது 48 கிலோஹெர்ட்ஸில் 1.33 மில்லிவிநாடிக்கு, அவ்வப்போது டப் என்ற சத்தம் வந்தது. டிரைவ் மாற்றியபின்னும் வந்தது. லேட்டன்சிமான் என்ற சோதனை மென்பொருளை ஓட்டிப் பார்த்ததில் வைஃபையை இயக்கும் டிரைவர் மென்பொருள்தான் பிராசஸரைப் பிடித்து வைத்திருப்பது தெரிந்தது. பதிவு நேரத்தில் வைஃபையை அணைத்ததும் நின்றது. பஃபர் வெடிப்புக்கு டிரைவைக் குற்றம் சொல்லி மாற்றுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

அமைப்புகளில் நான் தொட்டவை கொஞ்சம்தான். பவர் பிளானை உயர் செயல்திறனுக்கு மாற்றி, பிசிஐ எக்ஸ்பிரஸ் மின்சேமிப்பை அணைத்தேன். சாம்பிள், பதிவு டிரைவ்களில் தேடல் இண்டெக்ஸிங்கை நிறுத்தினேன். ஆன்டிவைரஸ் பதிவுக் கோப்புறையைத் தொடாதபடி விலக்குப் போட்டேன். டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்ப்பது) வேண்டாம், எஸ்எஸ்டி என்று அறிந்து விண்டோஸே டிரிம் (அழித்த இடங்கள் எவை என்று டிரைவுக்குச் சொல்லும் கட்டளை) அனுப்பிக்கொள்கிறது. பதிவு டிரைவில் ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

அந்த டிரிம்மின் மறுபக்கத்தை ஸ்டுடியோ வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ளவேண்டும். ஹார்ட் டிஸ்க்கில் தவறி அழித்த டேக்கை மீட்பு மென்பொருளால் பெரும்பாலும் தேடி எடுத்துவிடலாம். எஸ்எஸ்டியில் அழித்தவுடன் டிரிம் போய்விட்டால், அந்தச் செல்கள் துடைக்கப்பட்டுவிடும். மீட்பு என்பது ஏறக்குறைய இல்லை. கெடும்போதும் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று முன்னறிவிப்புக் கொடுப்பதுண்டு. எஸ்எஸ்டி நேற்றுவரை ஓடி இன்று காணாமல் போகலாம். பாடியவர் மறுபடி அதே மாதிரி பாடமாட்டார். அதனால் வேகமான டிரைவுக்குப் போகாமல் மிச்சம் பிடித்த பணத்தை இரண்டாவது பிரதிக்குச் செலவிட்டேன்.

வெளியே எடுத்த ஹார்ட் டிஸ்க் இப்போது யுஎஸ்பி உறைக்குள் இருக்கிறது. பதிவு முடிந்தபின்தான் அதைச் செருகுகிறேன், அன்றைய புராஜெக்ட் கோப்புறை அதில் ஏறியபின்தான் கம்ப்யூட்டரை அணைக்கிறேன். மூன்றாவது பிரதி இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் வேறொரு வீட்டில் இருக்கிறது. நெடுநாள் காப்பகத்துக்கு எஸ்எஸ்டியைப் பயன்படுத்தவில்லை. எழுதும் அளவுக்கான உத்தரவாதம் முழுக்கத் தீர்ந்த சாதாரண எஸ்எஸ்டி, 30 டிகிரியில் மின்சாரம் இல்லாமல் ஒரு வருஷம் தரவைக் காக்கவேண்டும் என்பதே சிப் துறையின் ஜெடெக் தரநிலை கேட்பது. புது டிரைவ் அதைவிட நெடுநாள் தாங்கும், என்றாலும் அலமாரியில் வைத்து மறந்துவிடுவதற்கான பொருள் அது இல்லை. முடிந்த பாட்டுகளை புராஜெக்டாக மட்டும் வைக்காமல், ஒவ்வொரு டிராக்கையும் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வேவ் கோப்பாக ஏற்றுமதி செய்தே காப்பகத்துக்கு அனுப்புகிறேன். பத்து வருஷம் கழித்து அந்தப் ப்ளக்இன் இல்லாவிட்டாலும் எந்த மென்பொருளிலும் அந்த வேவ் திறக்கும்.